ஆணி அடிக்கக் கூடாத மாதம்

1987 செப்டம்பர் 19, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். மேற்கே கல்வராயன் மலைமேல் மேகம் படுத்திருந்தது. மழை இல்லை, காற்றும் இல்லை. வாசல் வேம்பில் ஓர் இலைகூட அசையவில்லை. வெறும் புழுக்கம். நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு தாளுக்கு ஆறு நிமிடம் என்பது என் கணக்கு. முப்பத்தெட்டு தாள் முடிந்து முப்பத்தொன்பதாவது கையில் இருந்தது.

அப்போது எங்கள் வீடு கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில், ஊரைவிட்டு நான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ஓட்டு வீடு. முன் அறை, நடு அறை, சமையலறை என்று மூன்றே கட்டு. வாசற்படிக்கும் தார்ச்சாலைக்கும் இடையில் பதினான்கு அடி. கரும்பு வெட்டும் காலத்தில் ஆலைக்குப் போகும் டிராக்டர் ஒவ்வொன்றுக்கும் எங்கள் வீடு ஒருமுறை குலுங்கும். நடு அறையின் குறுக்கே பலகைப் பரண் ஒன்று இருந்தது. அதன்மேல் என் மனைவி சீராகக் கொண்டுவந்த பித்தளை, வெண்கலப் பாத்திரங்கள் நாற்பத்தொன்று. அவை ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தால் லோடு வண்டி போகிறது என்று அர்த்தம். இருபத்தோரு வருஷம் அந்தச் சத்தத்தில்தான் சாப்பிட்டோம், தூங்கினோம்.

பரணுக்கு நேர் கீழே கட்டில். கட்டிலில் எங்கள் ஒரே மகள். சின்னசேலத்தில் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். டாக்டரம்மா குறித்துக் கொடுத்த தேதிக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது. முந்தின வருஷம் ஒன்று மூன்றாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. அதனால் இந்த முறை அவள் தும்மினால்கூட என் மனைவி அடுப்பை விட்டுவிட்டு வந்து நிற்பாள். மகள் ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறாள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலின் மூன்றாம் நாள் அது. வியாழக்கிழமை காலையிலேயே எங்கள் வீட்டுக்குச் சற்று வடக்கே இருந்த புளியமரத்தை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். ஊர்வரை நடந்துபோய்ப் பார்த்ததில் பதினேழு மரம் எண்ணினேன். பஸ் இல்லை, லாரி இல்லை, ஒரு மாட்டு வண்டிகூட இல்லை. அந்த வாரத்தில் மாவட்டத்தில் உயிர்கள் போயின. குடிசைகள் எரிந்தன. அதையெல்லாம் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவது என் வீட்டு நடு அறையில் நடந்ததை மட்டும்.

முதலில் சத்தம்தான் வந்தது. தரைக்கு அடியில் யாரோ நெல் மூட்டையை இழுத்துக்கொண்டு போவதுபோல. பிறகு மேசைமேலிருந்த கடிகாரம் தானாக நகர்ந்தது. சிவப்பு மைப் புட்டியில் மை நடுங்கியது. உள்ளே பரணில் பாத்திரங்கள் கிணுகிணுக்கத் தொடங்கின. சமையலறையில் என் மனைவி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புடைக்கிற சத்தம் நிற்கவில்லை. வண்டி போகிறது, போகட்டும் என்று இருந்திருக்கிறாள். மகள் தூக்கத்தில் ஒருமுறை முனகினாள், அவ்வளவுதான்.

மூன்று நாளாக அந்தச் சாலையில் எந்த வண்டியும் போகவில்லை என்பது அந்த நேரத்தில் என் ஒருவனுக்குத்தான் நினைவில் இருந்தது. அது என்ன என்று புரிந்த ஒரே ஆள் நான். பள்ளிக்கூடத்தில் இருபத்து மூன்று வருஷம் பூகோளம் நடத்தியவன். நிலநடுக்கம் வந்தால் ஓடாதீர்கள், கெட்டியான மேசைக்கு அடியில் போங்கள், தலையை மூடிக்கொள்ளுங்கள் என்று வருஷத்துக்கு நான்கு வகுப்பில் சொன்னவன்.

நான் ஓடினேன். உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை. நாற்காலியிலிருந்து தார்ச்சாலைக்குப் பன்னிரண்டு தப்படி. பின்னால் நடந்து அளந்திருக்கிறேன். அன்று எத்தனை வைத்தேன் என்று தெரியாது.

வெட்டிச் சாய்த்திருந்த மரத்தின்மேல் பக்கத்துக் கொல்லைக்காரர் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். கரும்பு விவசாயி, சொந்தமாக டிராக்டர் வைத்திருந்தவர். அந்த வாரம் டிராக்டருக்கு ஓய்வு என்பதால் அவரும் ஓய்வாக இருந்தார். என் கோலத்தைப் பார்த்துக் கடலையை வாயருகே நிறுத்தினார்.

"இன்னா வாத்தியாரே, கால்ல செருப்பு கூட இல்லாம ஓடியாறீங்க? பாம்பு கீம்பு பூந்துச்சா வூட்ல?"

"பூமி... பூமி ஆடுது."

"எங்க ஆடுது? நான் குந்திக்கினு தான இருக்கேன்." குனிந்து மரத்தைத் தட்டிப் பார்த்தார். "கவர்மெண்ட்டே ஆடிக்கினு இருக்குது. பூமி ஒண்ணுதான் பாக்கி, அதுவும் ஆடட்டும்."

அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். வெளியே நான் ஒருவன். உள்ளே இரண்டு பேர். இல்லை, மூன்று பேர். கால் வேர்விட்டதுபோல நின்றது. திரும்புவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. எத்தனை நொடி என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. என் வாழ்நாளில் நான் எண்ணாமல் விட்டவை மிகக் குறைவு. அவற்றில் இது ஒன்று.

என் மனைவி வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு வெண்கலச் சொம்பு, கனமானது. விளிம்பில் புதிதாக ஒரு நசுங்கல்.

"ஏங்க, இதப் பாருங்க. பரண் மேலேர்ந்து தானா வுழுந்திச்சி. எந்த வண்டிங்க அது, அவ்ளோ லோடு ஏத்திக்கினு போவுது?" என்று கேட்டுக்கொண்டே சாலையைப் பார்த்தாள். மரம் குறுக்கே கிடந்தது. அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"வண்டி இல்ல. நிலநடுக்கம்" என்றேன்.

"அப்ப நீங்க இன்னாத்துக்கு ரோட்டுக்கு வந்தீங்க?"

"டிராக்டரான்னு பாக்க வந்தேன்."

அவள் என் காலைப் பார்த்தாள். "சரி, உள்ள வாங்க. கால்ல முள்ளு குத்திக்கப் போவுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மகள் எழுந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். தலையணையின் குழிவுக்கும், பாயில் சொம்பு விழுந்து பதிந்திருந்த இடத்துக்கும் நடுவே என் அடிக்கோலை வைத்து அளந்தேன். பதினோரு அங்குலம். "இன்னாப்பா அளக்கிற?" என்று கேட்டாள். கட்டிலுக்குப் புதுப் பாய் வாங்க வேண்டும் என்றேன். ஒரே மணி நேரத்தில் இரண்டு பொய்.

நான் சொன்னதை ஊரில் யாரும் நம்பவில்லை. ரேடியோவின் மாநிலச் செய்தியில் ஒரு வார்த்தை இல்லை. செய்தித்தாள் வரவே இல்லை. மலையில் பாறைக்கு வேட்டு வைத்திருப்பார்கள் என்றார் பக்கத்துக் கொல்லைக்காரர். மறியல் நேரத்தில் எவன் வேட்டு வைப்பான் என்றேன். "வாத்தியாரு வூட்டுக்கு மட்டும் தனியா ஆடுமா?" என்று சிரித்தார். யாரும் நம்பாதது பற்றி எனக்கு வருத்தம் இல்லை. என் கவலை வேறு. இன்னொரு தடவை வந்தால் என் கால் எந்தப் பக்கம் போகும்? அதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியவில்லை. என்னை நம்ப முடியாது என்றால் வீட்டையாவது நம்பும்படி செய்துவிட வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுத்தியலையும் ஒரு டப்பா ஆணியையும் எடுத்து வந்தேன். மர பீரோவைச் சுவரோடு சேர்த்துச் சட்டம் அடிக்க வேண்டும். பரண் விளிம்பில் தடுப்புக் கட்டை அடிக்க வேண்டும். முதல் ஆணியை விரலிடுக்கில் பிடித்தபோது என் மனைவி வந்து சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"புள்ளத்தாச்சி இருக்கிற வூட்ல ஆணி அடிப்பாங்களா? நீங்க படிச்சவருதான?"

"அடிக்கலன்னா பீரோ மேல வுழும்."

"அடிச்சா இன்னா ஆவும்னு நான் வாயால சொல்லமாட்டேன். போன வருசம் இவ மாமியா வூட்ல ஆணி அடிச்சி அலமாரி மாட்டினாங்க. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. ஆணிக்கும் கருவுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் கை சுத்தியலை விடுவதாக இல்லை. முந்தின நாள் பூமி ஆடியபோது புடைத்துக்கொண்டே இருந்த கை அது. பிள்ளை பிறக்கும் வரை சுவரில் ஆணி இல்லை, தரையில் கடப்பாறை இல்லை, எதையும் உடைக்கக் கூடாது. ஆக, ஓர் ஆணிகூட இல்லாமல் ஒரு வீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும்.

பக்கத்துக் கொல்லைக்காரரிடம் கரும்புக்கட்டு இறுக்கும் கயிறு இருந்தது. முப்பத்தாறு முழம் வாங்கினேன். "பூமி ஓடிப்போவாம கட்டி வெக்கப் போறீங்களா, வாத்தியாரே?" என்று கேட்டுவிட்டு விலையில் ஒரு ரூபாய் ஜாஸ்தி சொன்னார். பேரம் பேசவில்லை. பீரோவை இரண்டு சுற்றுச் சுற்றி ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டேன். அரிசி டிரம்மைத் தூணோடு கட்டினேன். கண்ணாடியைக் கழற்றிப் பாயில் சுருட்டிக் கீழே வைத்தேன். சுவர்க் கடிகாரத்தை இறக்கினேன். மீதி நாற்பது பாத்திரத்தையும் பரணிலிருந்து இறக்கிச் சமையலறைச் சுவரோரம் வரிசையாக வைத்தேன். என் மனைவி அவற்றில் அன்று மூன்று முறை கால் இடித்துக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் என்னைத் திட்டினாளே தவிர, திரும்பப் பரணுக்கு ஏற்றச் சொல்லவில்லை.

கட்டிலைப் பரண் பக்கத்திலிருந்து எதிர் மூலைக்கு நகர்த்தினேன். அங்கே தலைக்கு மேலே கூரை ஓட்டையும் கைமரத்தையும் தவிர எதுவும் இல்லை. என் தேக்கு மேசையைத் தூக்கி வந்து கட்டிலின் அருகே போட்டு, மகளை அதன் அடியில் புகுந்து பார்க்கச் சொன்னேன். அவள் ஒரு கையால் மேசையையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு முழங்கால் மடக்கினாள். பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

"யப்பா, நான் பூந்தா மேசதான் ஆடும். என்னத் தூக்க டிராக்டர் வேணும்."

டிராக்டர் என்றதும் என் மனைவி குனிந்து பாத்திரம் துடைக்கத் தொடங்கினாள்.

யோசித்துப் பார்த்தேன். ஒன்பதாம் மாதத்துக்காரி எழுந்து ஓடினால் விழுவாள். மேசைக்கு அடியில் போக முடியாது. மேலே விழ எதுவும் இல்லாத மூலையில், ஒருக்களித்துப் படுத்து, தலையணையால் தலையையும் கழுத்தையும் மூடிக்கொண்டு, ஆட்டம் நிற்கும்வரை அப்படியே இருப்பதுதான் சரி. அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் அம்மாவுக்கு ஸ்டவ்வை முதலில் அணைக்கும் வேலை. வாசலருகே ஒரு பையில் டார்ச், மாற்றுப் புடவை, ஆஸ்பத்திரிச் சீட்டு, இரண்டு பொட்டலம் பிஸ்கட், ஒரு விசில். மூடி போட்ட குடத்தில் பத்து லிட்டர் குடிநீர். கூரை ஓடு உடைந்து சிதறினால் கால் கிழியும் என்பதால் படுக்கும்போது ஒவ்வொருவரும் செருப்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

வீட்டுக்குள் செருப்பா என்று சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். என் மனைவி என்னை ஒரு கணம் பார்த்தாள். "செருப்பு விசயத்துல நீங்க சொல்றது சரிதான்" என்றாள். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டாளே என்று எனக்கு ஆச்சரியம்.

கடைசியாக முன் அறை ஜன்னல் விளிம்பில் ஏழு எவர்சில்வர் டம்ளரை ஒன்றை நேராக, ஒன்றைக் கவிழ்த்து, மாற்றி மாற்றி அடுக்கினேன். லேசாக ஆடினாலும் விழும். அதுதான் மணி. திங்கட்கிழமை பல்லி தட்டி விழுந்தது. செவ்வாய்க்கிழமை மகள் கதவைச் சாத்தி விழுந்தது. இரண்டு முறையும் நான் அறைக்கு நடுவில் சிலையாக நின்றேன். ஓடவில்லை. ஆனால் உள்ளேயும் போகவில்லை. நின்றதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. டம்ளரை மறுபடி அடுக்கினேன். காப்பி குடிக்க டம்ளர் இல்லாமல் நான்கு நாளும் நாங்கள் மூவரும் சொம்பில்தான் குடித்தோம்.

செப்டம்பர் 24, வியாழக்கிழமை, காலை ஏழே முக்கால். முன் அறையில் அதே நாற்காலி. அதே வாசல் திறந்திருந்தது. பன்னிரண்டே தப்படியில் சாலை. திருத்திய தாள்களை வகுப்புவாரியாகக் கட்டிக்கொண்டிருந்தேன். தரை அதிர்ந்தது. ஏழு டம்ளரும் ஒரே நேரத்தில் உருண்டன.

என் கால் உள்பக்கம் போனது. நான் முடிவு செய்து போகவில்லை. அது போனது, நான் கூடப் போனேன். மூக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது. எதன்மேலோ மிதித்தேன். நடு அறைக்குள் பாய்ந்து தலையணையை எடுத்து மகளின் தலைமேல் வைத்து, அதன்மேல் என் இரண்டு கையையும் கவிழ்த்துக் குனிந்துகொண்டேன். சமையலறையில் ஸ்டவ் அணைகிற சத்தம் கேட்டது. அடுத்த நொடி என் மனைவி மறுபக்கம் வந்து அவள் வயிற்றுக்கு அணையாக உட்கார்ந்தாள்.

"யப்பா, மூச்சு முட்டுது" என்றாள் மகள் தலையணைக்குள்ளிருந்து.

"பேசாத. எண்ணு."

"இன்னாத்த எண்ண?"

"நொடிய எண்ணு. அம்மாடி, எண்ணு."

"ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று குழந்தைபோல எண்ணினாள். நானும் கூட எண்ணினேன். என் மனைவியும் எண்ணினாள். பதினொன்று என்றபோது வாசலில் நீளமாக ஒரு ஹாரன் அடித்தது.

அதன் பின்னாலேயே பக்கத்துக் கொல்லைக்காரரின் குரல். "வாத்தியாரே! ரோடு வுட்டாச்சி! மொத லாரி போவுது பாருங்க!"

நாங்கள் மூவரும் அப்படியே இருந்தோம். முதலில் மகள் சிரித்தாள். தலையணை குலுங்கியது. நான் கையை எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை. "யப்பா, லாரிப்பா. எந்திரி" என்று என் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினாள். என் கை வேர்த்திருந்ததைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

சமையலறைக்குப் போனேன். என் மனைவி ஸ்டவ்வை மறுபடி பற்றவைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"இந்தத் தடவ டிராக்டரான்னு பாக்கப் போவலியா?"

சுவரோரம் வரிசையில் இருந்த பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அன்னிக்கு எனக்குத் தெரியும். பூமின்னு தெரிஞ்சிதான் ஓடினேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"செருப்பு வாசப்படியிலயே கெடந்திச்சே. நீங்க செருப்பு இல்லாம கொல்லைக்குக் கூடப் போவமாட்டீங்க. டிராக்டரு பாக்கப் போறவரு வெறுங்காலோடயா போவாரு?"

"அஞ்சு நாளா ஏன் கேக்கல?"

"கேட்டா? நீங்க இன்னொரு பொய் சொல்லுவீங்க. அது உங்களுக்கு வராது, அளக்கக் கோலு தேடுவீங்க." பாலை இறக்கி வைத்தாள். "பயந்தீங்க, கால் ஓடிச்சி. இன்னிக்கும் பயந்தீங்க. கால் எங்க போச்சி? அத்தோட வுடுங்க."

காப்பியை ஆற்றி என் கையில் கொடுத்தாள். அந்த நசுங்கின சொம்பில்தான்.

டாக்டரம்மா குறித்த தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே, அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை காலை, மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ எழுநூறு கிராம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கொல்லைக்காரரின் டிராக்டரில்தான் போனோம். வைக்கோல் பரப்பி, மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். வழிநெடுக வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளை எண்ணினேன். பதினேழும் இருந்தன.

குழந்தைக்கு முப்பது நாள் கழிந்ததும் என் மனைவி சுத்தியலையும் ஆணி டப்பாவையும் எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். இனி அடிக்கலாம் என்றாள். பீரோவைக் கட்டிய முடிச்சை இழுத்துப் பார்த்தேன். இளகவில்லை. ஆணி வேண்டாம் என்றேன். அந்த வீட்டை விற்கும்வரை அந்தக் கயிறு அங்கேயே இருந்தது. பாத்திரங்கள் திரும்பப் பரணுக்கு ஏறவே இல்லை. மறுபடி ஒருமுறை பூமி ஆடியதா என்று கேட்டால், எங்கள் சாலையில் ஆடவில்லை. கரும்பு டிராக்டர் போகும்போதெல்லாம் தொட்டிலில் இருந்த பேத்தி மட்டும் திடுக்கிட்டு இரண்டு கையையும் விரிப்பாள். உடனே என் மனைவியும் நானும் இரண்டு பக்கத்திலிருந்தும் அங்கே போய் நிற்போம்.

கயிறு முப்பத்தாறு முழம், பன்னிரண்டு ரூபாய். டார்ச்சுக்கு இரண்டு செல், ஆறரை ரூபாய். பிஸ்கட் நான்கு ரூபாய். விசில் ஒன்றேகால். உள்பக்கம் ஓடியபோது நானே மிதித்து உடைத்த மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்க வில்லை, இருபத்தெட்டு ரூபாய். இந்தக் கடைசி இனத்தைக் கொடுக்கும்போது மட்டும் எனக்கு வருத்தமே இல்லை. ஆக மொத்தம் ஐம்பத்தோரு ரூபாய் எழுபத்தைந்து காசு.